ஆனந்தவள்ளி கொடுத்துவிட்ட கடிதம்

எங்க வீட்டுக்காரர் பேரு மாதவன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல அந்தப் பேரை நான் வாயால சொன்னதே இல்ல. "ஏங்க", "சுபா அப்பா", அவ்வளவுதான். இப்ப நூறு தடவை சொல்லுவேன், மாதவன், மாதவன்னு. அந்த மரியாதையெல்லாம் இந்தத் தை மாசத்தோட முடிஞ்சுபோச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பத்தி இல்ல. எங்க அக்கா ஆனந்தவள்ளியைப் பத்தி. பதினாலு மாசம் நான் அவகூடப் பேசல. பேசாமலே அவ போய்ச் சேர்ந்துட்டா. என் உயிருக்கு அவ துரோகம் பண்ணிட்டான்னு நினைச்சேன். அதை அவ பண்ணவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இதை யார்கிட்டயாவது கொட்டாட்டி எனக்கு மண்டை வெடிச்சிடும்.

அக்கா எனக்கு எட்டு வயசு மூத்தவ. மண்ணச்சநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுல இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தா. கடைசிப் பன்னண்டு வருஷம் சார்ட்டெக்ஸ் மிஷின்ல. அரிசி மேலேருந்து கொட்டும், உள்ள இருக்கற கேமரா கறுப்பு அரிசியையும் கல்லையும் கண்டுபிடிச்சு காத்தடிச்சு வெளிய தள்ளும். அக்காவுக்கு அந்தக் கேமரா மேல நம்பிக்கையே கிடையாது. அப்பப்ப ஒரு கை அள்ளி உள்ளங்கையில பரப்பி, கட்டை விரலால தள்ளித் தள்ளிப் பார்ப்பா. "அதுக்குக் கண்ணு இருக்கு, புத்தி இருக்கா?"ன்னு சூப்பர்வைசரையே கேப்பா. ஸ்ரீரங்கத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தா முதல் வேலை, அரிசி டப்பாவைத் திறக்கறது. "எந்த மில்லுடி இது? திருட்டுப்பய மில்லு"ன்னு திட்டிக்கிட்டே முறத்துல கொட்டி உக்காந்துடுவா.

அவ புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போன மனுஷன், அங்கேயே இன்னொரு குடும்பமாயிட்டார். அக்கா தேடிக்கிட்டுப் போகல. "போகத் தெரிஞ்சவனுக்கு வரத் தெரியாதா?"ன்னு சொல்லிட்டு மறு வாரம் மில்லுல சேர்ந்துட்டா. பிள்ளை இல்ல. என் பொண்ணு சுபஸ்ரீதான் அவளுக்கு எல்லாம். ஸ்கூல் லீவு விட்டா சுபா பெரியம்மா வீட்டுக்கு ஓடிடுவா. திரும்பி வர்றப்ப ஒரு சுத்து பெருத்து வருவா.

வாய்தான் அப்படியே தவிர, குடும்ப முறைன்னு வந்துட்டா அக்கா அச்சுப் பிசகமாட்டா. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டா, பெரிய சேதி எதையும் அவகிட்ட நேரா சொல்லமாட்டாங்க. அவ புருஷன்கிட்ட சொல்லுவாங்க, அவர் பக்குவமா வீட்ல சொல்லுவார். எங்கப்பா செத்ததே எனக்கு அப்படித்தான் தெரியும். மாதவனுக்குத்தான் போன் வந்துச்சு. "கிளம்பு, மாமாவுக்குக் கொஞ்சம் சரியில்லையாம்"னு பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனார். வாசல்ல போட்ட பந்தலைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. இதையெல்லாம் மரியாதைன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். மண்ணாங்கட்டி மரியாதை.

2018ல அக்காவுக்கு இடது மார்ல கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி, கீமோ குடுத்து, ரேடியேஷன் கரண்ட்டும் வச்சாங்க. முடி முளைக்கறதுக்குள்ள தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மில்லுக்குப் போயிட்டா. அப்ப எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஒரு முகாம்ல போய் ஸ்கேன் எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னாங்க, அதோட விட்டுட்டேன். எங்கப்பாகூடப் பொறந்த பொன்னுத்தாய் அத்தையும் முப்பத்தெட்டு வயசுல நெஞ்சுல புண்ணு வந்துதான் செத்தாங்க. ஆனா மார் நோய் அம்மா வழியிலதானே வரும், அப்பா வழி அத்தைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்ல ஒருத்தரும் அதைக் கணக்குலயே சேர்க்கல. எங்களோட முதல் முட்டாள்தனம் அது.

2021ல அக்காவுக்கு அது கல்லீரல்ல திரும்ப வந்துச்சு. அப்ப ஏதோ ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க, ஒரு மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. அக்கா முகத்துல களை வந்துடுச்சு. மறு தையில சுபா கல்யாணத்துக்கு அவதான் ஓடியாடி எல்லாம் பண்ணினா. மாப்பிள்ளை ஹரிஹரசுதன், திருவெறும்பூர்ல வேலை, நல்ல குடும்பம். என்ன டெஸ்ட், எதுக்கு அந்த மாத்திரைன்னு நான் கேக்கல. அவளும் வாயைத் திறக்கல.

2023 ஆவணியில ஒரு நாள் குளிக்கறப்ப என் கையில தட்டுப்பட்டுச்சு. எலுமிச்சங்காய் அளவு. அதுவரைக்கும் எப்படித் தெரியாம இருந்துச்சுன்னு எனக்கே விளங்கல. பெரிய கடை வீதியில ஒரு பாத்திரக் கடையில பில் போடறேன் நான், காலையில நின்னா ராத்திரிதான் உக்காருவேன். உடம்பைப் பார்க்க எங்க நேரம்? தில்லைநகர் பக்கம் அக்கா போற அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூணாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க. அக்காவுக்கும் இருக்குன்னு சொன்னதும் எனக்கும் ரத்த டெஸ்ட் எழுதினாங்க.

ரிசல்ட் வாங்கப் போன அன்னைக்கு மாதவன் உள்ள வரல. "ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஒத்துக்காது, நீ போய் வா"ன்னு வெளிய வண்டிகிட்ட நின்னுட்டார். அப்ப எனக்கு அது பெருசா தோணல.

உள்ள பெலிண்டான்னு ஒரு பொண்ணு. இந்த மாதிரி பரம்பரையா வர்ற விஷயத்தைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்றதுதான் அதுக்கு வேலை. ரொம்பப் பொறுமையான பொண்ணு.

"அம்மா, ரைஸ் மில்லுல நெல்லை மேல தூக்கற எலிவேட்டர் பெல்ட் பார்த்திருக்கீங்களா?"ன்னு ஆரம்பிச்சா. "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் பெல்ட்டுன்னு வச்சுக்கங்க. தினமும் எங்கயாவது கீறல் விழும். சில நேரம் முழுசா அறுந்தே போகும். அறுந்ததைச் சேர்க்கறதுக்கு ஒரு ஃபிட்டர் மாதிரி ஒரு புரோட்டீன் இருக்கு. பக்கத்துல இருக்கற அதே மாதிரி இன்னொரு பெல்ட்டை அளவு பார்த்து, ஒரு நூல் பிசகாம ஒட்டிடும். அந்தப் புரோட்டீனைச் செய்யச் சொல்லிக் குடுக்கற ஜீன் நமக்கு ரெண்டு. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு பொறக்கறப்பவே பழுது. மிச்சம் இருக்கற ஒண்ணை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தீங்க. மார்ல ஏதோ ஒரு செல்லுல அதுவும் கெட்டுப்போச்சு. அப்புறம் அறுந்த பெல்ட்டை யார் யாரோ வந்து இழுத்துப் பிடிச்சு ஒட்டறாங்க. ஒட்டு கோணலாகுது, கோணல் மேல கோணல் சேருது. கட்டி வர்றதும் அதாலதான், வந்தது வேகமா மாறிக்கிட்டே போறதும் அதாலதான்."

புரிஞ்சுது. கடையில நின்னு பில் போடறவளுக்கும் புரியற மாதிரி சொன்னா. "நல்லா சொல்றம்மா நீ. எங்க அக்காவும் மில்லுலதான் இருக்கா"ன்னேன்.

பெலிண்டா சிரிச்சா. "இது உங்க அக்கா சொன்ன உதாரணம்தாங்க. ஆனந்தவள்ளி அம்மா. நான் இங்கிலீஷ்ல படிச்சதை வச்சுக்கிட்டு முழிச்சப்ப, 'அட, எங்க பெல்ட் ஃபிட்டர் கதைதானே'ன்னாங்க. இப்ப எல்லாருக்கும் அதைத்தான் சொல்றேன். உங்களுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருப்பாங்களே. அவங்களுக்கு இருக்கற அதே மாத்தம்தான் உங்களுக்கும். தெரிஞ்சதும் தங்கச்சிக்கு உடனே சொல்லணும்னு அப்பவே சொல்லி அனுப்பினோம்."

ரெண்டு வருஷமா! அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்திருப்பேன். கடுகு அளவுல கண்டுபிடிச்சிருப்பாங்க. கூடப் பொறந்தவ, என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு என் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறியிருக்கா!

பெலிண்டா ஃபைலைப் புரட்டிக்கிட்டே, "ஒரு நிமிஷம் இருங்கம்மா, இதுல..."ன்னு ஏதோ சொல்ல வந்தா. நான் இருக்கல. எந்திரிச்சு வந்துட்டேன். ஒரே ஒரு நிமிஷம் உக்காந்திருந்தா இந்தக் கதையே வேற.

மறுநாள் காலையில டோல்கேட் போய் பஸ் மாறி மண்ணச்சநல்லூர் போனேன். மில்லுக்குள்ள நேரா நுழைஞ்சேன். தூசியும் சத்தமுமா இருந்துச்சு. அக்கா மிஷின்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. கூட வேலை பார்க்கற வள்ளிக்கண்ணு அக்காவும் இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்துச்சு. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பிடுச்சு.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு"ன்னு கத்தினேன்.

"என்னடி? என்னாச்சு?"

"எனக்கும் வந்துடுச்சு. மூணாவது ஸ்டேஜு. உன் ரத்தத்துல இருக்கறதுதான் என் ரத்தத்துலயும் இருக்காம். ரெண்டு வருஷமா உனக்குத் தெரியுமாமே!"

அக்கா கையில இருந்த அரிசி கீழ கொட்டிப்போச்சு. "ஐயோ மகா... நீதான் டெஸ்ட் எடுத்து..."ன்னு ஆரம்பிச்சவ சட்டுனு நிறுத்திட்டா. என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. மனசுக்குள்ள எதையோ கூட்டிக் கழிச்சுப் பார்க்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மெதுவா சொன்னா, "ஆமாடி. தெரியும்."

"ஏன் சொல்லல?"

அக்கா குனிஞ்சு, கீழ கொட்டின அரிசியை அள்ள ஆரம்பிச்சா.

"ஏன்டி சொல்லல? என் உசுரு உனக்கு விளையாட்டா? உனக்குத்தான் யாரும் இல்ல, எனக்குக் குடும்பம் இருக்குடி!" அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது. மில்லுல இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு நின்னு பார்த்தாங்க.

"என்னை மன்னிச்சிடுடி"ன்னா அக்கா. அவ்வளவுதான் சொன்னா.

"நான் செத்தாக்கூட நீ வாசப்படி மிதிக்காத"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சுபாவுக்கும் போன் பண்ணி, "இனிமே பெரியம்மா வீட்டுப் பக்கம் போன, நான் உனக்கு அம்மா இல்ல"ன்னுட்டேன். ஏன் எதுக்குன்னு அவ கேட்டதுக்கு, "என் விஷயத்துல எனக்குக் கழுத்தறுத்துட்டா, அவ்வளவு தெரிஞ்சா போதும்"னேன்.

எனக்குக் கீமோ ஆரம்பிச்சாங்க. மாதவன் என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினார். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஸ்ரீரங்கத்துல தெற்கு வாசல் பக்கம் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதைப் பூட்டிட்டு என்னோட ஆஸ்பத்திரி வருவார். வாந்தி எடுத்தா அள்ளுவார். மிளகு ரசம் வச்சுக் குடுப்பார். அக்காவைப் பத்தி நான் புலம்பறப்பல்லாம், "விடு, அண்ணி பாவம், அவங்க பயம் அவங்களுக்கு"ன்னு சமாதானம் சொல்லுவார். எவ்வளவு பெரிய மனசுன்னு நான் நினைச்சுக்குவேன்.

சுபாவுக்கும் இது வந்திருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு பெலிண்டா சொல்லியிருந்தா. அதை மாதவன்கிட்ட சொன்னேன். "நான் மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டேன், அவர் பக்குவமா சொல்லிக்குவார். நீ குறுக்க போய்க் குழப்பாத"ன்னார். சரிதானே, அதுதானே முறை. நான் விட்டுட்டேன். சுபா வாராவாரம் வருவா, பழம் வாங்கிட்டு வருவா, தலையைத் தடவிக் குடுப்பா, அந்தப் பேச்சை எடுக்கமாட்டா. தெரிஞ்சு மனசுக்குள்ள வச்சுக்கிட்டிருக்கா, நாம ஏன் கிளறணும்னு நானும் எடுக்கல.

அக்கா முதல்ல தினமும் போன் பண்ணினா. அப்புறம் வாரம் ஒண்ணு. நான் எடுக்கவே இல்ல. பொறுக்கி எடுத்த பொன்னி அரிசி ஒரு பை பஸ்ல குடுத்து அனுப்பினா. அடுத்த பஸ்லயே திருப்பி அனுப்பிட்டேன். 2024ல அவளுக்கு மாத்திரை கேக்காம போச்சு. ஐப்பசி கடைசியில போய்ட்டா. அதுவும் மாதவனுக்குத்தான் முதல்ல போன் வந்துச்சு.

போனேன், ஊரு என்ன சொல்லும்னு. வாய்க்கரிசி போடச் சொன்னாங்க. கையில அள்ளின அரிசியைப் பார்த்தேன். ரேஷன் அரிசி. மூணு கறுப்பு அரிசி கிடந்துச்சு. அவளா இருந்தா அதைப் பொறுக்கிப் போடாம விட்டிருக்க மாட்டா. நான் அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். கண்ணுல ஒரு சொட்டு வரல. வள்ளிக்கண்ணு அக்கா ஏதோ சொல்லணும்ங்கற மாதிரி என் கையைப் பிடிச்சாங்க. உதறிட்டு வந்தேன்.

இந்தத் தை மாசம் செக்கப்புக்குப் போனேன். எனக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சு அப்போதைக்கு ஒண்ணும் இல்ல. மாதவன் கடையில ஏதோ மிஷின் ரிப்பேருன்னு வரல, நான் மட்டும்தான் போனேன். வராண்டாவுல பெலிண்டா என்னைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மா, ரெண்டு தடவை போன் பண்ணினேன். உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தார். உங்க பொண்ணு இன்னும் டெஸ்ட்டுக்கே வரலையே. இருபத்தஞ்சு வயசு ஆகுதுல்ல? இப்ப இருந்தே பார்க்க ஆரம்பிக்கணும்மா."

"அவகிட்ட மாப்பிள்ளை சொல்லியாச்சு. அவதான் வரல போல"ன்னேன். "எங்க அக்கா மாதிரி மூடி மறைக்கற ஆளு இல்ல நாங்க."

பெலிண்டா என்னை ஒரு மாதிரி பார்த்தா. "உங்க அக்கா எதை மறைச்சாங்க?"ன்னு கேட்டுட்டு, உள்ள கூட்டிப் போய் அந்தக் குடும்ப ஃபைலைத் திறந்தா. அன்னைக்கு ஒரு நிமிஷம் இருங்கன்னு சொன்னாளே, அதே ஃபைல். இந்த மாதிரி டெஸ்ட்ல தெரிஞ்சா, கூடப் பொறந்தவங்களுக்குக் குடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில ஒரு கடிதம் குடுப்பாங்களாம். கடிதத்துக்கு அடியில ஒரு சீட்டு இருக்கும். வாங்கினவங்க 'பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்துப் போட்டு, கிழிச்சுத் திருப்பி அனுப்பணும். அக்கா அந்தச் சீட்டை ஒழுங்கா கொண்டுவந்து குடுத்திருக்கா. ஃபைல்ல ஒட்டியிருந்துச்சு.

'தங்கை மகாலட்சுமிக்காகப் பெற்றுக்கொண்டேன்.' கீழ மா. மாதவன்னு கையெழுத்து. 2021 ஆவணி மாசத் தேதி. பக்கத்துல வட்டமா ஊதா மையில அவர் கடை முத்திரை. கடைக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் கை பாட்டுக்கு முத்திரையைக் குத்தற பழக்கம் அந்த ஆளுக்கு. பொண்டாட்டி உசுருக்கும் அதே முத்திரையைக் குத்தியிருக்கான்.

அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். பெலிண்டா தண்ணி குடுத்தா. "உங்க அக்கா ஒவ்வொரு தடவை வர்றப்பவும், 'என் தங்கச்சிக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, வேற ஆஸ்பத்திரியில, ஒண்ணும் இல்லையாம்'னு சந்தோஷமா சொல்லுவாங்க"ன்னா. "அவங்க சாப்பிட்ட மாத்திரை என்ன பண்ணும் தெரியுமாம்மா? ஃபிட்டர் இல்லாத மில்லுல சின்னச் சின்னக் கீறலை ஒட்டற ஆளு ஒருத்தர் மிச்சம் இருப்பார். அவர் கையைக் கட்டிப்போடும். அப்ப கேன்சர் செல் சமாளிக்க முடியாம சாகும். ஆனா கடைசியில அந்தக் கட்டியில பழைய ஃபிட்டரே திரும்ப வந்துட்டார். ஜீன் தன் பழுதைத் தானே சரிபண்ணிக்கிச்சு. அதனாலதான் மாத்திரை கேக்கல." வேணுங்கறப்ப இல்லாத ஆளு, வேண்டாத இடத்துல வந்து நின்னிருக்கான். அக்காவுக்கு உடம்பும் துரோகம் பண்ணிடுச்சு, நானும் பண்ணிட்டேன்.

வராண்டாவுல நின்னே வள்ளிக்கண்ணு அக்காவுக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு நான் கத்திட்டுப் போனதும் அக்கா என்ன சொன்னா? மறைக்காம சொல்லுங்க"ன்னேன்.

அந்தம்மா அழுதுட்டாங்க. "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா மகா. நீ போனதும் மூட்டை மேல உக்காந்துட்டா. 'மாதவன் தம்பி என்னை நல்லா ஏமாத்திட்டார் வள்ளி'ன்னா. 'போய்ச் சொல்லித் தொலையேன்'னு நான் திட்டினேன். 'இப்ப அவளுக்கு ஊசி போடப் போறாங்க. வந்து விழுந்தா தூக்கிவிட அந்த ஆளு ஒருத்தர்தான் இருக்கார். இப்ப போய்ச் சொன்னா அவளை யாரு பார்ப்பா? என்னால முடியுமா, நானே மாத்திரையில நிக்கறேன். எல்லாம் முடியட்டும், சொல்லிக்கலாம்'னா. அதுக்குள்ள..."

அங்கிருந்து நேரா கடைக்குப் போனேன். மிஷின் ரிப்பேரும் இல்ல ஒரு எழவும் இல்ல. ஒரு அம்மாவுக்கு ஆதார் கார்டு காப்பி எடுத்துக்கிட்டிருந்தார். அவங்க போறவரைக்கும் நின்னேன். பெலிண்டா குடுத்த சீட்டுக் காப்பியை மேசை மேல வச்சேன்.

மாதவன் அதைப் பார்த்தார். மூஞ்சி செத்துப்போச்சு.

"உக்காரு மகா. சொல்றேன். அப்பதான் சுபாவுக்கு வரன் பேசிக்கிட்டிருந்தோம். பரம்பரையா கேன்சர்னு தெரிஞ்சா அந்த வீட்ல நிப்பாங்களா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் உனக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"கல்யாணம் முடிஞ்சு ஒண்ணரை வருஷம் கழிச்சுத்தானே எனக்குக் கட்டி வந்துச்சு? அதுவரைக்கும் என்ன பண்ணின?" முதல் தடவையா ஒருமையில கேட்டேன்.

"உனக்கு வராதுன்னு நினைச்சேன். பாதிக்குப் பாதின்னுதானே போட்டிருந்துச்சு."

"எங்க அக்காகிட்ட டெஸ்ட் எடுத்தாச்சுன்னு சொன்னியா?"

"அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்ன சொல்றது? ஒண்ணுமில்ல, ஆனா மகா பயப்படறா, அவகிட்ட அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு சொன்னேன்."

அடப்பாவி! ரெண்டு வருஷம் எனக்காக அவ பேச்சை எடுக்காம இருந்திருக்கா. அதையே துரோகம்னு நான் அவ தலையில கட்டினேன். அவ செத்த அன்னைக்குக்கூட இந்த ஆளு பக்கத்துல நின்னு, ஊருக்கு முன்னால துண்டால கண்ணைத் துடைச்சாரே!

"சுபா விஷயம்? மாப்பிள்ளைகிட்ட நிஜமா சொன்னியா?"

"அது சத்தியமா சொன்னேன். குழந்தை பொறக்கட்டும், அப்புறம் அவகிட்ட சொல்றேன்னார்."

அப்பதான் எனக்கு உச்சந்தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அக்கா செஞ்ச அதே காரியத்தை நானும் செஞ்சிருக்கேன். வீட்டு ஆம்பளைகிட்ட சொல்லிட்டு, பொண்ணுக்குத் தெரிஞ்சாச்சுன்னு இருந்திருக்கேன். பதினாறு மாசம்! மேசை மேல இருந்த அந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். எதுக்குன்னு தெரியல. அது இனிமே அந்த ஆளு கையில இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில திருவெறும்பூர் போனேன். சுபா பேருக்கு பெலிண்டாகிட்ட புதுசா கடிதம் வாங்கி வச்சிருந்தேன். ஹரிஹரசுதன்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க அத்தை. மாமா வரல?"

"வரல மாப்பிள்ளை. சுபாகிட்ட ஒண்ணு குடுக்கணும்."

கவர்ல ஆஸ்பத்திரி பேரைப் பார்த்ததும் அவருக்குப் புரிஞ்சுபோச்சு. கையை நீட்டினார். "குடுங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கை நீண்டு நின்னதை என்னால மறக்க முடியல. அக்கா குடுத்தப்பவும் அந்தக் கடையில இப்படித்தான் ஒரு கை நீண்டிருக்கும். "இல்லீங்க மாப்பிள்ளை"ன்னு அவரைத் தாண்டி உள்ள போய், அடுப்படியில நின்ன சுபா கையிலயே குடுத்தேன். நானே வாயால சொன்னேன். பெல்ட், ஃபிட்டர், பொன்னுத்தாய் அத்தை, அக்கா, மில்லுல போட்ட சண்டை, நான், பாதிக்குப் பாதி, எல்லாத்தையும் சொன்னேன். சுபா அடுப்பை அணைச்சா. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சா.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"2023 புரட்டாசியில இருந்து."

"பதினாறு மாசமா? வாராவாரம் உன் தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போனேனேம்மா. அப்பகூட உனக்குச் சொல்லணும்னு தோணலையா?" அவ என் பக்கம் ஒரு அடி வச்சா. "பெரியம்மா உனக்குச் சொல்லலைன்னுதானே மில்லு நடுவுல நின்னு கத்தின? உன் பேச்சைக் கேட்டு நானும் அவங்களைப் பார்க்கப் போகலையேம்மா. சாகறப்பகூடப் போகல."

எனக்குப் பின்னால மாப்பிள்ளை வந்து நிக்கறது தெரிஞ்சுது. அக்கா மாதிரி, 'ஆமாடி, மன்னிச்சிடு'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். இதுங்க வாழ்ற வீடு, நான் எதுக்கு இடிக்கணும்? ஆனா வாயை மூடித்தானே என் அக்கா செத்தா. அது இதோட நிக்கட்டும்னு சொல்லிட்டேன். "உங்கப்பா உன் புருஷன்கிட்ட சொல்லிட்டார். அவர் உன்கிட்ட சொல்லிடுவார்னு நான் இருந்துட்டேன். தப்பு என்னுதுதான். உன்கிட்ட நான் நேரா வந்திருக்கணும்."

சுபா திரும்பிப் புருஷனைப் பார்த்தா. அவர், "இல்ல சுபா, ஒரு குழந்தை பொறக்கட்டும்னு..."ன்னு ஆரம்பிச்சார். அவ அதைக் கேக்கல. ஃப்ரிட்ஜ் மேல இருந்த பேனாவை எடுத்தா. கடிதத்தை மேடையில வச்சு, அடியில 'பெற்றுக்கொண்டேன்'ங்கற இடத்துல அவ பேரை அவளே எழுதினா. ஓரத்தை மடிச்சு, நகத்தால அழுத்தி, சீட்டைக் கிழிச்சு என் கையில குடுத்தா.

"இதை ஆஸ்பத்திரியில குடுத்துடு. இப்பக் கிளம்பும்மா. பேசணும்னு தோணறப்ப நானே போன் பண்றேன்."

நான் இப்ப மண்ணச்சநல்லூர்ல அக்கா இருந்த வீட்லதான் இருக்கேன். சாவி வள்ளிக்கண்ணு அக்காகிட்ட இருந்துச்சு. அடுப்படியில அந்தப் பொன்னி அரிசிப் பை, நான் திருப்பி அனுப்பினது, பிரிக்காம அப்படியே இருக்கு. முறத்துல கொட்டிப் பார்த்தேன். ஒரு கறுப்பு அரிசி இல்ல.

சுபா டெஸ்ட் எடுத்துட்டான்னு மட்டும் தெரியும். ரிசல்ட் என்னன்னு பெலிண்டாவைக் கேட்டேன். "அதை அவங்கதாம்மா சொல்லணும்"னுட்டா. நியாயம்தான். போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அக்கா இந்த வீட்ல இப்படித்தான் பதினாலு மாசம் என் போனுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு இது மூணாவது வாரம்.